தொழிலாளியும் அல்லர், உறவினரும் அல்லர்: திருவனந்தபுரத்துப் பொதுப் பட்டறையும் பட்டை ரம்பமும்

வேலையின்போது கட்டைவிரலை இழந்தவர் தம் ஈட்டுந்திறனில் நூற்றுக்கு 30 பங்கை இழந்தார் எனக் கணக்கிட்டது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. சுட்டுவிரல் முழுமையாகப் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. மரம் அறுக்கும் எந்திரங்களின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் இந்த அட்டவணையைக் கடந்து போக இயலாது. உடலின் இழப்பை அரசு எண்ணிப் பார்த்த ஆவணம் அது. ஆனால் அது எண்ணியது பணியமர்த்தப்பட்டவரின் விரலை மட்டுமே. கட்டணம் செலுத்தி ஒரு பொதுப் பட்டறைக்குள் நுழையும் மாணவியின் விரலுக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியரின் விரலுக்கும், தம் முதல் மாதிரிப் பொருளைச் செய்து பார்க்க வந்த இளைஞரின் விரலுக்கும் அதில் இடமில்லை.

திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் பொதுப் பட்டறை என்னும் கருத்து வேர்பிடித்து வரும் காலம் இது. அத்தகைய இடத்தில் முதலில் வாங்க விரும்பப்படும் மரவேலை எந்திரங்களுள் ஒன்று, மரக்கடைகளில் 'பேண்ட் சா' என்று வழங்கும் பட்டை ரம்பம். எந்த எந்திரம், என்ன விலை என்ற கேள்விகளுக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. அதன்முன் நிற்பவரின் பாதுகாப்பு யார் பொறுப்பு? இக்கேள்விக்குத் திருவிதாங்கூர் மண்ணில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் இருந்துள்ளன. முதலில் உறவுமுறை விடை சொன்னது. பிறகு சட்டம் சொன்னது. பொதுப் பட்டறையில் இரண்டுமே முழுமையாகச் செல்லுபடியாகவில்லை.

1. ஈர்வாளும் உறவும்

மரத்தை நெடுக்காக அறுக்கும் வாளுக்குத் தமிழில் 'ஈர்வாள்' என்று பெயர். ஈர்தல் என்றால் அறுத்தல், பிளத்தல். மலையாளத்தில் அதுவே 'ஈர்ச்சவாள்'. அறுவை ஆலையை இன்றும் அங்கே 'ஈர்ச்சமில்' என்றே சொல்கிறார்கள். தென்தமிழ்நாட்டில் அது 'வாள்பட்டறை'. பெயரிலேயே பழைய கருவி உயிரோடிருக்கிறது. குழியின் மேலோ உயர்ந்த சாரத்தின் மேலோ மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று இழுக்கும் நீண்ட வாள் அது.

பத்மநாபபுரம் அரண்மனையும், திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் கட்டிய, கூரையடியில் 122 மரக்குதிரைகள் அணிவகுக்கும் புத்தன் மாளிகையும் கைவாளாலும் உளியாலும் உருவானவை. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை அந்த அரசியல் நிலப்பரப்பில் அடங்கியவை. பத்மநாபபுரம் இருப்பதும் கல்குளத்தில்தான். எனவே திருவனந்தபுரத்தின் தச்சு வரலாறு தமிழ்ப் பேச்சுக்கும் உரியது.

ஈர்வாளின் வேகம் மனித உடலின் வேகம். மேலே நிற்பவர் கை தளர்ந்தால் வாள் தளரும். கீழே நிற்பவர் ஒரு குரல் கொடுத்தால் வாள் நிற்கும். கருவியை நிறுத்தும் விசை எதிரில் நிற்கும் ஆளிடமே இருந்தது. அந்த ஆள் பெரும்பாலும் அண்ணன், மாமன், அல்லது அதே குடும்பத்தை அண்டிப் பழகியவர். மரத்தின் ஓட்டத்தை எப்படிப் பார்ப்பது, எங்கே கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் எழுதப்படாத பாடங்கள். அவற்றைச் சொல்லிக் கொடுப்பதும், கவனக்குறைவைக் கண்டிப்பதும் மூத்தாசாரியின் பொறுப்பு. பாதுகாப்பு என்ற தனிச் சொல் அங்கே தேவைப்படவில்லை. அது உறவின் ஒரு கூறாக இருந்தது.

அந்த ஏற்பாட்டை இலட்சியப்படுத்துவதற்கு இடமில்லை. உறவு காத்தது, அதே உறவு வாசலையும் அடைத்தது. பிற சாதியாருக்கும் பெண்களுக்கும் அந்தப் பட்டறையின் அறிவு எட்டாதிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் அது முழுக் காப்பல்ல. கேரளத்தின் பெருந்தச்சன் கதை அதற்குச் சான்று. தன்னை விஞ்சிய மகன்மேல் மேலிருந்து உளியைத் தவறவிட்ட தந்தையின் கதை அது; பொறாமையா, விபத்தா என்பதைக் கேட்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. உறவு மட்டுமே காப்பாக இருக்கும் இடத்தில் விபத்தை விசாரிப்பதற்கு வெளியார் எவரும் இல்லை என்பதை அந்தக் கதை உணர்த்துகிறது.

2. முடிவில்லாத பட்டை

ஈர்வாள் போகும், வரும். போகும்போது அறுத்தால் வரும்போது வெறுமனே திரும்பும். இரு முனைகளையும் இணைத்து ஒரு வளையமாக்கி, இரண்டு சக்கரங்களின் மேல் ஓடவிட்டால் வீண் அசைவு இராது என்பதே பட்டை ரம்பத்தின் அடிப்படை எண்ணம். இதற்கு 1808-இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்றார். ஆயினும் சில பத்தாண்டுகள் அது பரவலான பயனுக்கு வரவில்லை. காரணம் இணைப்பு. சக்கரத்தின் மேல் ஓயாமல் வளைந்து நிமிரும் பட்டையில் ஒட்டு போட்ட இடம் விரைவில் விட்டுப்போனது. 1846-இல் பிரான்ஸ் நாட்டின் ஆன் போலின் கிரெப்பேன் என்ற பெண்மணி பட்டையின் முனைகளை உறுதியாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரத்துப் பெரீன் நிறுவனம் அதைக் கையிலெடுத்து, நல்ல எஃகையும் சேர்த்து, 1850-களில் எந்திரத்தைச் சந்தைக்குரியதாக்கியது.

இந்த வரலாற்றில் இன்றைய பயனாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நியூபெரியைத் தோற்கடித்த அதே ஒட்டுதான் இன்றும் பட்டையின் நலிந்த இடங்களுள் முதன்மையானது. எந்திரம் ஓடும்போது சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று ஒலி வந்தால், பட்டையில் விரிசல் விழுந்திருக்கலாம், அல்லது ஒட்டு சரியில்லாதிருக்கலாம். உடனே நிறுத்திப் பார்ப்பதே முறை.

மெல்லிய பட்டை குறைவாகவே மரத்தைத் தூளாக்கும். மேசை வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மரத்தைத் தின்னும். சிறு பட்டறையின் பட்டை ரம்பம் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். தேக்கை அரசுடைமை மரமாக வைத்திருந்த திருவிதாங்கூர் போன்ற ஒரு நாட்டில் இந்த வேறுபாட்டின் பண மதிப்பை விளக்க வேண்டியதில்லை. வளைவாகவும் அறுக்கலாம், தடித்த கட்டையை மெல்லிய பலகைகளாகவும் பிளக்கலாம் என்பதால் பெரிய ஆலையிலும் சிறிய பட்டறையிலும் அதற்கு இடம் கிடைத்தது.

வட்ட ரம்பம் சில வேளைகளில் மரத்தை அறுப்பவர்மீதே திருப்பி வீசும். பட்டை ரம்பத்தின் பற்கள் மேலிருந்து கீழாக இறங்குவதால் மரத்தை மேசையோடு அழுத்தியே வைத்திருக்கும். திருப்பி வீசும் இயல்பு அதற்கு மிகக் குறைவு. இதனால் 'சாதுவான எந்திரம்' என்ற நற்பெயர் அதற்கு உண்டு. அந்த நற்பெயரே அதன் பெரும் அபாயமும் ஆகும். மரம் அறுக்கும் பட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மரத்தை நிதானமாகத் தள்ளிச் செல்லும் கை, அறுப்பு முடியும் கணத்தில் தடை நீங்கி முன்னே பாயும். ஈர்வாளில் எதிரில் நின்று நிறுத்திய ஆள் இங்கே இல்லை. விசையை அணைத்த பின்னும் கனத்த சக்கரங்கள் சிறிது நேரம் ஓசையின்றிச் சுழன்று கொண்டிருக்கும். பட்டை நின்றுவிட்டது போலத் தோன்றும், நின்றிருக்காது.

3. சட்டம் எண்ணிய தலைகள்

எதிரில் நின்ற உறவினரின் இடத்தில் அரசு வந்து நின்ற கதை 1881-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தோடு தொடங்குகிறது. 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே அது பொருந்தியது. 1891-இல் அந்த எண்ணிக்கை 50 ஆனது. 1922-இல் 20 ஆனது. சமஸ்தானமாக இருந்த திருவிதாங்கூரில் இவை நேரடியாகச் செல்லாதவை. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம், மின்விசை பயன்படும் இடத்தில் 10 பேர் என்ற அளவை வகுத்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை மீண்டும் 20 ஆக உயர்த்தியது. சட்டத்தின் கண் எத்தனை பேர் கொண்ட பட்டறையைக் காணும் என்பது இவ்வாறு ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. ரம்பத்தின் வேகமோ தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவதில்லை.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 முதல் 24 வரையுள்ள பிரிவுகள் எந்திரத்தின் முன் நிற்கும் உடலைப் பற்றியவை. ஆபத்தான பகுதிகளை உறுதியான மறைப்பால் மூட வேண்டும் என்பது 21. ஓடும் எந்திரத்தை நெருங்கிச் சோதிப்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்த, பயிற்சி பெற்ற வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும் என்பது 22. ஆபத்தானவை என வகுக்கப்பட்ட எந்திரங்களில் இளையோரைப் போதிய பயிற்சியோ தக்க மேற்பார்வையோ இன்றி விடக்கூடாது என்பது 23. விசையைத் துண்டிக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது 24. மரவேலை எந்திரங்களுக்காக மாநிலங்கள் வகுத்த விதிகள் பட்டை ரம்பத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. கீழ்ச் சக்கரம் இருபுறமும் மூடப்பட வேண்டும். மேல் சக்கரத்தின் முன்புறம் மறைக்கப்பட வேண்டும். மேசைக்கும் வழிகாட்டி உருளைக்கும் இடையிலுள்ள வெட்டும் பகுதி தவிரப் பட்டை எங்கும் வெளியே தெரியக் கூடாது. பிரிட்டனின் 1922-ஆம் ஆண்டு மரவேலை எந்திர விதிகளின் சாயல் இவற்றில் தெளிவாகத் தெரிகிறது.

இந்தச் சட்டத்தின் ஆய்வாளர்கள் அதிகம் பொருட்படுத்தாத பிரிவு 85. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், ஓர் இடத்தைத் தொழிற்சாலையாகக் கருத வேண்டும் என்று மாநில அரசு அறிவிக்க அது அதிகாரம் தந்தது. அதோடு நிற்கவில்லை. அங்கே வேலை செய்வோர் உரிமையாளரால் பணியமர்த்தப்படாமல், அவருடைய அனுமதியின் பேரிலோ அவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பேரிலோ வேலை செய்பவர்களாக இருந்தாலும் அவ்வாறு அறிவிக்கலாம் என்றது. அறிவித்துவிட்டால் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டியவரானார்; அங்கே வேலை செய்பவர் தொழிலாளியாகக் கருதப்பட்டார். ஒரே ஒரு விலக்கு: உரிமையாளர் தம் குடும்பத்தாரின் துணையோடு மட்டும் நடத்தும் பட்டறை.

உறவுப் பட்டறையை அதன் போக்கில் விட்டுவிட்டு, அனுமதி பெற்று நுழையும் அந்நியரைப் பற்றி 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சிந்தித்திருக்கிறது. பொதுப் பட்டறை புதிய கருத்து, ஆகவே சட்டத்தில் அதற்குச் சொல் இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. சொல் இருந்தது. அரசு அறிவித்தால்தான் அது உயிர்பெறும் என்பதே அதன் குறையாக இருந்தது.

4. மரத்தை எண்ணிய சட்டம்

பட்டை ரம்பத்தை இன்னொரு சட்டமும் பார்க்கிறது. அது விரலைப் பார்ப்பதில்லை, காட்டைப் பார்க்கிறது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். அவ்வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று பிறந்த ஆணை 'காடு' என்ற சொல்லின் பொருளையே விரித்தது. காட்டுக்குள் அறுவை ஆலை நடத்துவது காடு சாராத பயன்பாடு என்றும் வரையறுத்தது. தொடர்ந்து வந்த ஆணைகள் உரிமம் இல்லாத ஆலைகளை மூடச் செய்தன. 2002-இல் புதிய ஆலைகளுக்கு நீதிமன்றக் குழுவின் முன்னனுமதி வேண்டும் என்றாயிற்று. 2016-இல் நடுவணரசின் மரம்சார் தொழிலக வழிகாட்டு நெறிகள் வந்தபின் அப்பொறுப்பு மாநில அளவிலான குழுக்களிடம் சென்றது.

இந்த விதிகள் உருட்டு மரத்தை அறுக்கும் ஆலைக்கும், அறுத்த மரத்தை வாங்கிப் பொருள் செய்யும் பட்டறைக்கும் வேறுபாடு காண்கின்றன. ஆயினும் பட்டை ரம்பம் என்ற பெயரே வனத்துறையின் கவனத்துக்கு உரியது. பொதுப் பட்டறை எந்திரத்தின் சக்கர அளவையும் பயன்பாட்டையும் எழுதி, வாங்குவதற்கு முன்பே வனக்கோட்ட அலுவலகத்தில் எழுத்தில் விளக்கம் பெறுவது நல்லது. யாரோ கொண்டுவரும் முற்றத்துப் பலா மரத்தின் உருட்டுத் துண்டை அறுத்துக் கொடுப்பது உதவி போலத் தோன்றும். பட்டறையின் தன்மையையே அது மாற்றிவிடக்கூடும்.

ஒரே எந்திரத்தைப் பார்க்கும் இரு சட்டங்களுள் ஒன்று மரத்தை எண்ணுகிறது, மற்றொன்று பணியாளரை எண்ணுகிறது. இரண்டின் இடைவெளியில் நிற்கிறார் உறுப்பினர்.

5. நூலகமும் பட்டறையும்

பொதுவில் ஒன்றை வைத்துப் பலர் பயன்படுத்தும் மரபு திருவனந்தபுரத்துக்குப் புதிதன்று. அந்நகரின் பொது நூலகம் 1829-இல் தொடங்கியது. 1945-இல் பி.என். பணிக்கரின் முயற்சியால் உருவான திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் அம்மரபைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. கருவியைப் பொதுவில் வைத்துக் கற்பிக்கும் மரபுக்கு 1939-இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியின் பட்டறைகள் எடுத்துக்காட்டு. ஆனால் கல்லூரிப் பட்டறையில் ஆசிரியர் உண்டு, கால அட்டவணை உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. நூலகத்தில் புத்தகத்தைத் தவறாகக் கையாண்டால் கிழிவது புத்தகம் மட்டுமே.

2000-க்குப் பின் பரவிய 'ஃபேப் லேப்' இயக்கம் இந்த இரு மரபுகளையும் ஒன்றாக்க முயன்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்டு முன்னெடுத்த கருத்து அது. அந்நிறுவனத்துக்கு வெளியே தொடங்கிய முதல் கூடங்களுள் ஒன்று 2002-இல் மராட்டியத்தின் பாபல் சிற்றூரில், எஸ்.எஸ். கல்பாக் நிறுவிய விஞ்ஞான ஆசிரமத்தில் அமைந்தது. கேரள ஸ்டார்ட்அப் மிஷன் 2016-இல் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இத்தகைய கூடங்களைத் திறந்தது. லேசர் வெட்டி, முப்பரிமாண அச்சு எந்திரம், கணினி இயக்கும் மரவெட்டி ஆகியன இவ்வியக்கத்தின் அடையாளக் கருவிகள். இவற்றில் கை வெட்டுமுனைக்கு அருகில் போக வேண்டியதில்லை, கணினி வெட்டுகிறது. பட்டை ரம்பம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதில் கையே மரத்தை முனைக்குக் கொண்டு செல்கிறது. கணினிக் கருவிகளுக்குப் பழகிய கூடத்தில் அதை நுழைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் உணர வேண்டும்.

உலகெங்கும் இக்கூடங்கள் ஏற்றுக்கொண்ட ஒரு பொதுச் சாசனம் உண்டு. ஆளுக்கும் எந்திரத்துக்கும் தீங்கு நேராமல் பார்ப்பது, கூடத்தைத் துப்புரவாக வைத்துப் பராமரிக்க உதவுவது, அறிவை எழுதிப் பகிர்வது ஆகிய மூன்றையும் அது பயனாளரின் பொறுப்பாக்குகிறது. தொழிற்சாலைச் சட்டமோ முதன்மையான பொறுப்பை இடத்தின் இறுதிக் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவர் மேல் சுமத்தியது. ஒன்று நுழைபவரை நோக்கிப் பேசுகிறது. மற்றொன்று கதவைத் திறப்பவரை நோக்கிப் பேசுகிறது. நேர்வது எனக்கே பொறுப்பு என்று உறுப்பினரிடம் ஒரு தாளில் கையொப்பம் வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகக் குழு, முதல் குரலை மட்டும் கேட்டு இரண்டாவதைக் கேளாதது போலிருக்கிறது. மறைப்பு கழன்ற எந்திரத்தின் முன் எந்தக் கையொப்பமும் விரலைக் காக்காது.

6. வாங்குவதும் ஆள்வதும்

வரலாறு தரும் இந்தப் பாடத்தை வாங்கும் பட்டியலாக மாற்றலாம். பொதுப் பட்டறைக்கு ஏறத்தாழ 14 அங்குலச் சக்கரமும் ஒன்று முதல் இரண்டு குதிரைத்திறன் மோட்டாரும் கொண்ட எந்திரம் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். சக்கரத்தின் விட்டமே பட்டைக்கும் தூணுக்கும் இடையிலான அகலத்தைத் தீர்மானிக்கிறது. மூடிய அறுவை ஆலையிலிருந்து பழைய எந்திரம் மலிவாகக் கிடைக்கும்போது ஆசை எழும். அது உருட்டு மரத்துக்கென அமைந்தது. மும்முனை மின்சாரமும் அடித்தளமும் கேட்கும். விலை பேசுவதற்கு முன் சக்கரத்தில் விரிசல் உண்டா, மறைப்புகள் அனைத்தும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

புதிய எந்திரத்தில் கேட்க வேண்டியவை ஐந்து. சக்கரக் கதவைத் திறந்தால் மோட்டார் ஓடாதபடி தடுக்கும் இணைப்பு. கை எட்டும் தூரத்தில் அவசர நிறுத்தம். மின்சாரம் போய்த் திரும்பும்போது தானாக ஓடத் தொடங்காத விசை. சக்கரத்தை விரைந்து நிறுத்தும் பிரேக். மேல் வழிகாட்டியோடு ஏறி இறங்கும் பட்டை மறைப்பு. மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய் வரும் ஊரில் மூன்றாவதை விட்டுக்கொடுக்கக் கூடாது. இவற்றோடு, பட்டையை ஒட்டித் தரக்கூடியவர் அருகில் இருக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும்.

பட்டையின் தேர்வு பாதுகாப்பின் பகுதி. மரத்தின் தடிப்புக்குள் எந்நேரமும் குறைந்தது மூன்று பற்களாவது இருக்க வேண்டும். இல்லையெனில் பல் மரத்தில் மாட்டிக் குதிக்கும். கால் அங்குலப் பட்டை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பும். அரை அங்குலப் பட்டைக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அகலமான பட்டையைக் குறுகிய வளைவில் திருகினால் அது முறுகும், சூடேறும், முறியும். தேக்கில் உள்ள சிலிக்கா பற்களை விரைவில் மழுக்கும். மழுங்கிய பட்டையைக் கை கூடுதலாக அழுத்தும். அழுத்தும் கைதான் வழுக்கும். பழைய வீடுகளை இடித்து வரும் ஆஞ்சிலி, பலா, தேக்கு உத்தரங்களில் ஆணி புதைந்திருக்கும். காந்தமோ உலோகங்காட்டியோ வைத்துப் பார்க்காமல் அத்தகைய மரத்தை மேசையில் ஏற்றக் கூடாது.

பயன்படுத்தும் ஒழுங்கு எளியது, கடைப்பிடிப்பதே அரிது. பட்டை மாற்றும்போது மின்செருகியைப் பிடுங்க வேண்டும். இழுவிசையும் ஓட்டமும் சரியா என்பதைச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்த பின்பே மின்சாரம் தர வேண்டும். மறைப்பை மரத்துக்கு மேல் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வரை இறக்க வேண்டும். விரல் பட்டையின் நேர்கோட்டில் ஒருபோதும் வரக்கூடாது. கடைசிப் பகுதியைத் தள்ளு கட்டையால் தள்ள வேண்டும். உருளை வடிவ மரம் பட்டை பட்டதும் தானே உருளும்; பள்ளம் வெட்டிய தாங்கு கட்டையில் வைக்காமல் அதை அறுக்கலாகாது. வளைவின் நடுவில் சிக்கினால் ஓடும் பட்டையை விட்டு மரத்தைப் பின்னே இழுக்கக் கூடாது. பட்டை சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். பட்டை அறுந்தால் விசையை அணைத்து விலகி நின்று, சக்கரம் முழுவதும் நின்ற பின்பே கதவைத் திறக்க வேண்டும்.

கையுறை பாதுகாப்பல்ல; பட்டை துணியைப் பற்றினால் கையையும் இழுத்துச் செல்லும். 22-ஆம் பிரிவின் ஒட்டிய உடை என்ற நிபந்தனை இங்கே உயிருள்ளது. மடித்துக் கட்டிய வேட்டியும் துப்பட்டாவும் அவிழ்ந்த கூந்தலும் அந்த மேசையருகே வரலாகா. ஓடும் எந்திரத்தைத் துடைக்கவும் சரிசெய்யவும் பெண்களுக்கும் இளையோருக்கும் அதே பிரிவு விதித்த தடையைப் பொதுப் பட்டறை வேறு வகையில் படிக்க வேண்டும்: ஓடும் எந்திரத்தை எவரும் சரிசெய்யக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத தீங்கும் உண்டு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கேரளத்தில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காதிருக்கப் போரான் சேர்மங்களில் ஊறவைப்பது வழக்கம். அதன் தூளும் காற்றில் கலக்கும். தூளுறிஞ்சி இல்லாமல் பட்டை ரம்பத்தை மட்டும் வாங்குவது பாதி எந்திரத்தை வாங்குவதாகும். இரண்டு பருவமழைகளையும் பெறும் நகரில் துருவும் ஓர் எதிரி. வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து, பட்டையின் இழுவிசையைத் தளர்த்தி வைத்தால் பட்டையும் சக்கரத்தின் ரப்பர் உறையும் நீடிக்கும்.

7. எதிரில் நிற்கும் ஆள்

இவை அனைத்தும் அறிவுரையாக மட்டும் இருந்தால் மூன்றே மாதத்தில் மறக்கப்படும். குடும்பப் பட்டறையில் நினைவூட்ட மூத்தாசாரி இருந்தார். ஆலையில் ஆய்வாளரின் வருகையை எதிர்பார்க்கும் அச்சமாவது இருந்தது. பொதுப் பட்டறை இரண்டையும் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். எந்திரத்துக்குப் பூட்டு, பயிற்சி முடித்து, செய்து காட்டியவருக்கு மட்டும் சாவி. யார், எப்போது, எந்த மரத்தை அறுத்தார், என்ன குறை கண்டார் என்ற பதிவேடு. குறை கண்டவர் எவராயினும், அவர் புதிய உறுப்பினராயினும், எந்திரத்தில் தடைச் சீட்டு மாட்டும் உரிமை. அந்தச் சீட்டைக் கழற்றும் உரிமை பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும். எச்சரிக்கைப் பலகை மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும், வடநாட்டுத் தொழிலாளர் வரும் இடமாயின் இந்தியிலும். காசு கட்டி நுழையும் உறுப்பினருக்கும் பொருந்தும் விபத்துக் காப்பீடு. கூடத்தில் தனியாக இருக்கும்போது எவரும் பட்டை ரம்பத்தை இயக்கக் கூடாது என்ற விதி. இந்தக் கடைசி விதி, ஈர்வாளின் மறுமுனையில் நின்றவரைத் திரும்ப அழைத்து வருகிறது. இம்முறை அவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உள்விதிகள் நல்லெண்ணத்தைப் பொறுத்தவை. நிர்வாகக் குழு மாறினால் அவையும் தளரும். அரசு நிதியில் இயங்கும் கூடங்களிலிருந்தேனும் தொடங்கி, அனுமதியின் பேரில் வேலை செய்வோரைப் பற்றி 85-ஆம் பிரிவு சொன்ன பொறுப்பைப் பொதுப் பட்டறைக்குப் பொருத்துவது எப்படி என்று தொழிலாளர் சட்ட மாணவர்களும் பட்டறை நடத்துவோரும் சேர்ந்து எழுதிப் பார்க்க வேண்டிய நேரம் இது. புதிய தொகுப்புச் சட்டம் எண்ணிக்கையை 20-க்கு உயர்த்தியிருக்கும் நிலையில் அத்தேவை கூடியிருக்கிறது, குறையவில்லை. ஓர் ஊரில் பட்டை ரம்பம் வாங்க உறுப்பினர்கள் பணம் திரட்டும்போது, விலைப்பட்டியலோடு அந்த வரைவும் கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.